இரண்டாம் பாகம் முதலில்

பழைய நாடகத்தில் எனக்கு நாலு வரி.
"அழைத்தீர்களா அம்மா."
"அரசர் இன்னும் திரும்பவில்லை."
"தாங்கள் கேட்ட பால்."
நாலாவது, வெறும் அழுகை.
நோட்டீஸில் தோழி என்று போட்டிருக்கும்,
'மற்றும் பல'ருக்கு ஒரு விரற்கடை மேலே.

புதியதை எழுதியவள் லூர்துமேரி.
பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறாள்.
பெயர் கேட்காமல் யாரையும் குத்தமாட்டாள்.
அந்தப் பழக்கமோ என்னவோ
தோழிக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டாள்:
மாதி.

ராணி செத்துப் பன்னிரண்டு வருஷம்.
மாதி இப்போது கிருஷ்ணகிரி பக்கம்
மாங்கூழ் ஆலையில் கொட்டை நீக்குகிறாள்.
"ராஜா காலத்துக்கு அப்புறம் எப்படி ஆலை வரும்?"
என்றார் வேடியப்பன். அவர்தான் ராஜா.
"செத்தவங்களுக்குத்தான் காலம் நிக்கும் சார்,
வேலைக்காரிக்கு ஷிப்ட் மாறிக்கிட்டே இருக்கும்."

நாற்பது நிமிஷம் நான் மட்டும் பேச வேண்டும்.
பாலில் கலந்தது யார் கை,
தெரிந்துதான் தூக்கிப்போனாளா,
எதற்கும் பதில் எழுதவில்லை லூர்துமேரி.
ஒத்திகையில் நான் பேச ஆரம்பித்தால்
ராணி சாந்தலட்சுமி
டிபன் பாக்ஸைத் திறப்பாள்.

கதவு ஒன்றுதான் செய்ய முடிந்தது.
இந்தப் பக்கம் கோட்டை,
திருப்பிப் போட்டால் ஆலை ஷட்டர்.

ஆறரைக்குப் பழையது, சாப்பாட்டுக்குப் பிறகு புதியது,
பென்னாகரம் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில்.
ஆறு இருபதுக்கு ராஜா போன் செய்தார்.
தொப்பூர் கணவாயில் லாரி சாய்ந்துவிட்டது,
ரோடெல்லாம் சோப்புத்தூள்,
பஸ் அசையவில்லை.

கதவைத் திருப்பினோம்.

"ராஜா எப்பம்மா வருவாரு?" என்று ஒரு குழந்தை
இரண்டு முறை கேட்டது.
சமையல்கட்டில் மறுநாள் கல்யாணத்துக்கு
வெங்காயம் அரிந்தார்கள்.
கண் எரிந்தது எனக்கு மட்டுமா, சபைக்கும்தானா,
இன்றுவரை தெரியாது.
பக்கவாட்டில் கிரீடத்தோடு
ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள் சாந்தலட்சுமி.
திறக்க டிபன் பாக்ஸ் இல்லை. கேட்டாள்.

எட்டே முக்காலுக்கு வந்தார் வேடியப்பன்,
முழங்கால் வரை வெள்ளை,
எலுமிச்சை வாசனையோடு ஒரு ராஜா.
கதவு மறுபடி கோட்டையானது.

ஆறு வருஷமாகச் சொல்கிற வரிகள்.
டம்ளரோடு நுழைந்தேன்.
வழக்கமாக அந்த இடத்தில்தான்
முறுக்குப் பொட்டலம் பிரிப்பார்கள்,
ஒன்றுக்குப் போய் வருவார்கள்.
அன்று ஒரு நாற்காலிகூட நகரவில்லை.
மூன்றாம் வரிசையில் ஒருத்தி,
கத்தவில்லை,
பஸ் படியில் நிற்கிறவளை உள்ளே வரச் சொல்வதுபோல,
"வேணாம் மாதி, குடுக்காத" என்றாள்.

என்னைப் பார்க்காமலே டம்ளரை வாங்குகிறவள் சாந்தலட்சுமி.
அன்று பார்த்தாள்.
நீட்டிய கை பாதியில் நின்றது.
நான் என் வரியைச் சொன்னேன்.
தாங்கள்
கேட்ட
பால்.
ஒரு எழுத்தும் மாற்றவில்லை.
ஆனால் 'கேட்ட' என்கிற சொல்
அவ்வளவு கனம் என்று
அதுவரை எனக்குத் தெரியாது.

குடித்தாள். செத்தாள்.
எழுதியபடிதானே சாக வேண்டும்.
எனக்கு அழுகை வரவில்லை.
ராஜா புலம்பி முடித்ததும்
எல்லோரும் இறந்தவளை விட்டுவிட்டு
ஓரத்தில் நின்ற என்னையே பார்த்தார்கள்.
வேடியப்பனுக்கு மனசு சரியில்லை.
"கைதட்டலே எழும்பலையே" என்று
சோப்புத்தூளைத் தட்டிக்கொண்டிருந்தார்.
இனிமேல் இந்த வரிசைதானா என்று
லூர்துமேரியைக் கேட்டேன்.
"லாரி தினம் கவுறாது" என்றாள்.

மேக்கப் கலைக்கையில் மண்டபத்து ஆள் வந்தான்.
"நாளைக்கு எண்ணிக் குடுக்கணும்,
ஒண்ணு குறையுது, நம்ம டம்ளர்தான் அது."
வாங்கி, முந்தானையில்லாத குறைக்கு
தன் துண்டிலேயே துடைத்து,
அடுக்கில் சொருகினான்.
முந்நூறு டம்ளர், எல்லாம் ஒரே எவர்சில்வர்.
எது என்று
என்னாலேயே சொல்ல முடியவில்லை.